பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை

அல்மாட்டி,
அக்டோபர் 9, 2016

அன்புள்ள ரௌஷான் அக்காவுக்கு பகிலா எழுதுவது.

ஆடுமாடு நலமா, ஆட்கள் நலமா? மாமா, அத்தை, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? நான் இங்கே சுகம்.

இந்த உறையில் இரண்டு தாள் இருக்கும். நீலத் தாள் மாமாவுக்கும் அத்தைக்கும் படித்துக் காட்ட. வெள்ளைத் தாள் உனக்கு மட்டும், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் சிக்னல் கிடைப்பது மாமாவின் கட்டிலுக்கு மேலே ஜன்னலில் மட்டும்தான். அவரும் ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசவிடுவார். ஆகவே இனி ஊருக்கு வந்துபோகும் மூசாவின் வேன்தான் நமக்குத் தபால்.

வேலை கிடைத்துவிட்டது, அக்கா. வெளியூர் போகிறவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் வரும்வரை நாயோ பூனையோ கிளியோ, இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னா என்ற ருஷ்யப் பெண் இதையே ஒரு நிறுவனமாக நடத்துகிறாள். நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தை மூடிய அன்று, இனி ஊசியும் மருந்தும் எனக்கு இல்லை என்று உன் தோளில் அழுதேனே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே அதே வேலைதான். நோயாளி சட்டை போட்டிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காதே. வீட்டுக்காரி கௌஹர், காஸ்பியன் கடல் பக்கம் எண்ணெய்க் கிணறுகளில் என்ஜினியர். மாதக்கணக்கில் அங்கேயே இருப்பாள். அவளிடம் இருப்பது இரண்டு சாண் பொமரேனியன். அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து அதன் பேரைச் சொன்னாள். எனக்கு முதுகு தானாக வளைந்து, முழங்காலைத் தொட்டு வணங்கப் போய்விட்டேன். நம் மாமாவின் பேர், அக்கா! எழுத்துப் பிசகாமல் நம் மாமாவின் பேர்! கழுத்தைச் சுற்றி மயிர் பொங்கி நிற்கிறதாம், அதனால் காட்டுக்கு ராஜா, அந்தப் பிடரிக்காரர் பேரை வைத்தாளாம்.

நீயும் மாமனார் பேரைச் சொல்லக் கூடாத அந்த வீட்டு மருமகள்தானே. உன் வாயில் வருமா அந்தப் பேர்? "எங்கே, அவனைக் கூப்பிடுங்க பாக்கலாம்" என்றாள் கௌஹர். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுத்தேன். நல்லவேளை, வந்துவிட்டது. "ஆகா, கை தேர்ந்தவங்க" என்று அவள் பாராட்டினாள்.

ஆனால் இன்னா வைத்திருக்கும் முதல் விதியே இதுதான். "புதுப் பேரு வைக்கக் கூடாது. செல்லப் பேரும் கூடாது. வீட்டுக்காரங்க வச்ச பேரைத்தான் சொல்லணும். நாம நாளைக்குப் போயிடுவோம், அது பேரு மாறிப்போய் நிக்கும்." இந்த வீட்டில் ஒரு குளிர்காலம் குறையில்லாமல் இருந்தால் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வாள். குறை வந்தால் இல்லை.

மாமா எனக்குக் கொடுத்த தவணையும் அதே குளிர்காலந்தான். உருப்படியான வேலை அமையாவிட்டால் மார்ச்சில் நவ்ரூஸ் பண்டிகைக் கஞ்சிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் சீன எல்லையில் கிடக்கிறார், அப்பா சொன்னால் சரி என்பார். கஞ்சி குடிக்க வருவேன், அக்கா. ஆனால் குடித்துவிட்டுத் திரும்புவேன். இதை நான் விடப்போவதில்லை.

உன் அன்புத் தங்கை,
பகிலா

(நீலத் தாள்)
மதிப்புக்குரிய மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். உங்கள் ஆசியால் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். மரியாதையானவர். கொஞ்சம் குள்ளம். தனியாக வெளியே போகமாட்டார். அதிகம் பேசுவதும் இல்லை.

*

அக்டோபர் 24

அன்புள்ள தங்கச்சி பகிலாவுக்கு ரௌஷான் எழுதுவது.

ஆடுமாடு நலம், ஆட்கள் நலம். உன் பக்கம் ஆடுமாடு எப்படி என்று கேட்டால், அது மெத்தையில் தூங்குகிறது என்று எழுதுவாய். நாய் இருக்கும் வீட்டில் தேவதூதர்கள் கால் வைக்கமாட்டார்கள் என்று அத்தை தினமும் சொல்கிறாள். நீ பாவம், இந்தக் குளிர்காலம் முழுக்கத் தேவதூதர் இல்லாமல் சமாளி.

உன் நீலத் தாளைப் படித்தேன். படிக்கும்போது என் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மாமா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"எந்தக் கூட்டமாம் அவரு? அல்பானா, சுவானா?"

"எழுதல மாமா."

"எழுதலையா? ஒரு மனுஷனை வீட்டோட இருந்து பாத்துக்கிறா, கூட்டம் கேக்கலையா? ஏழு தலைமுறை சொல்லத் தெரியுமான்னு கேக்கச் சொல்லு. பல்லு இருக்கா? நம்ம குர்த்து கடிப்பாரா?"

"பல்லெல்லாம் கூர்மையாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க மாட்டுக்கொட்டிலுக்கு ஓடிப்போனேன்.

இதோடு ஒரு பை குர்த்து வருகிறது, நன்றாகக் காய்ந்த உப்புத் தயிர் உருண்டை. மாமாவே கையால் பொறுக்கி எடுத்தது. அவருக்குக் கொடு, அதாவது, இவருக்கு. கடவுளே, எப்படி எழுதினாலும் வம்பாக இருக்கிறது.

பால் கறப்பது இப்போது நான் ஒருத்திதான். அதைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. என் எழுத்து கோழி கிண்டியது போல இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அன்புடன்,
ரௌஷான்

*

அல்மாட்டி,
நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடுமாடு நலமா, ஆட்கள் நலமா? குளிர்காலக் கறிக்குக் குதிரையை அறுத்தாயிற்றா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. பெரியவருக்குக் காலுறை மாட்ட அரை மணி ஆகிறது.

மாமாவிடம் சொல், அவருக்கு வம்சாவளி உண்டு. முத்திரை குத்திய காகிதத்தில் ஐந்து தலைமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். பொய் இல்லை, கௌஹரின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

வேலை நான் நினைத்தது போல விளையாட்டு இல்லை, அக்கா. கௌஹர் கிளம்பிய அன்று அவர் கதவுக்கு முன்னால் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை, சாப்பிடவும் இல்லை. ஆளை நேராகப் பார்க்காமல், தொடாமல், கௌஹர் துவைக்காமல் விட்டுப்போன சால்வையைப் போர்த்திக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். கன்று ஈன்ற பசுவிடம் நாம் உட்காருவோமே, அதே போலத்தான். கடைசியில் எழுந்து வந்து சால்வையின் நுனியில் தலையை வைத்தார். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இது எனக்கான வேலை.

பேர் விஷயம்தான் தீரவில்லை. அந்தப் பேருக்கு உரியவரை "வாடா, போடா" என்று சொல்ல முடியுமா? "வாங்க, சாப்பிடுங்க, அங்க ஒண்ணுக்குப் போகாதீங்க" என்கிறேன். பேருக்குப் பதில் "பெரியவரே" என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டேன். விதிப்படி தப்பு. வேறு என்ன செய்வது?

இன்னொரு வம்பும் இருக்கிறது. நம் ஊர் பிபிகுல் அக்கா தன் மகளோடு வந்து இதே குடியிருப்பில் இருக்கிறாள். முற்றத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி, நாய்கிட்டப் போயி வாங்க போங்கன்னு பேசற? பட்டணத்துல நாய்க்கும் மரியாதையா?" என்றாள். அவள் வாயில் எதுவும் ஒரு பகல்கூடத் தங்காது என்பது உனக்குத் தெரியும். பேர் மட்டும் அவள் காதில் விழக்கூடாது.

நீ எழுதாததையும் நான் படித்தேன். விரல் வீங்கியிருக்கிறதா?

உன்,
பகிலா

*

நவம்பர் 29

தங்கச்சிக்கு,

ஆடுமாடு நலம், ஆட்கள் நலம். வேன் கிளம்புகிறது, மூசா ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். மாமா சொல்லச் சொன்னது: "ஐந்து தலைமுறை போதாது, மிச்சம் இரண்டை விசாரிக்கச் சொல். ஆனால் காகிதத்தில் எழுதி வைத்திருப்பது நல்ல குடும்பத்துக்கு அடையாளம்." அத்தை பெரியவருக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறாள். ஒரு ஜோடிதான். இரண்டாவது ஜோடி வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது?

விரல் நன்றாக இருக்கிறது.

ரௌஷான்

*

அல்மாட்டி,
டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஆட்கள் நலமா? உன் விரல்கள் நலமா? இதோடு ஒரு களிம்பு வருகிறது. படுக்கப் போகும் முன் தடவித் துணி சுற்று. நன்றாக இருக்கிறது என்று மறுபடியும் எழுதினால், நானே வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கே மாட்டிக்கொண்டேன். கௌஹர் போன வாரம் வீடியோவில் வந்தாள். திரையிலிருந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெரியவர் வாலை ஆட்டிவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்பது போல என் முகத்தைப் பார்த்தார். கௌஹர் சட்டென்று கேட்டாள்.

"பகிலா, நீங்க அவனை என்னன்னு கூப்பிடறீங்க?"

"கூப்பிடவே தேவையில்லைங்க, பின்னாடியே வந்துடறாரு."

"வந்துடறாரா?" என்று அவள் புருவத்தைத் தூக்கினாள்.

மறுநாளே இன்னா போன் செய்தாள். "விதியை நான் வாய்க்கு வந்தபடி எழுதல, பகிலா. பயந்த பிராணிக்குக் காது அடைச்சுடும். குட்டியில கேட்ட சொந்தப் பேரு மட்டும்தான் உள்ள போகும். அந்தப் பேரை உங்க குரல்ல அது கேட்டிருக்கணும். அடுத்த தடவை கௌஹர் பேசும்போது நீங்க பேரு சொல்லிக் கூப்பிடறதை அவங்க பாக்கணும்."

என்ன காரணம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாளே என்று வெட்கம். நாட்டுப்புறம் என்று நினைத்தாலும் நினைப்பாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்து வருகிறது, பிறகு கதவைச் சாத்தியது போல வாய் மூடிக்கொள்கிறது. கண்ணாடியில் மாமா அந்தப் பெரிய தோளோடு பின்னால் நிற்பது போலவே இருக்கிறது. மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்ப் பிடரிக்காரர் கூண்டு முன்னால் நின்று பழகலாமா என்றுகூட யோசித்தேன்.

எப்படியும் ஒரு வழி கண்டுபிடிப்பேன். ஒரு பேருக்காக இந்த வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன்.

உன்,
பகிலா

*

ஜனவரி 5, 2017

தங்கச்சிக்கு,

ஆடுமாடு நலம், ஆட்கள் நலம். புத்தாண்டுக்கு லாரிக்காரத் தம்பி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார். ஆனால் மாமா எதிரில் பேசவில்லை, குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது என்னிடம் பேசினார்.

களிம்பு தடவுகிறேன். ஊருக்கு வந்துவிடு என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை, பார். காளான் பொறுக்கப் போகும்போதெல்லாம் நீ ஊசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாயே, வழியில் யாராவது ஆட்டோடு வருவார்கள் என்று. அது ஞாபகம் வந்தது, அதனால் எழுதவில்லை.

பேர் விஷயத்தில் எனக்கு யோசனை எதுவும் இல்லை. நாம் இரண்டு பேரும் பழகிய வாய்தான். இருபது வருஷமாக நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்த மிருகத்தின் படம் வந்தால்கூடப் பிள்ளைகளிடம் "பெரிய பூனை" என்றுதான் சொல்கிறேன். என் மகன் அப்படியே பரீட்சையில் எழுதிவிட்டு வந்தான்.

மாமா பெரியவருக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார். ஆட்டுவால் கொழுப்பை நெஞ்சில் தேய்க்க வேண்டுமாம். அந்தக் குள்ள மனிதர் மேல் அவருக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது, பகிலா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
ரௌஷான்

*

அல்மாட்டி,
ஜனவரி 22

அக்கா,

ஆட்கள் நலமா? இங்கே நிலம் ஆடியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெரியவரும் நலம்.

மதியம் சாப்பிட்டு முடித்த நேரம். விளக்குக் கொத்து ஊசலாடியது, அலமாரியில் கிண்ணங்கள் கிலுகிலுத்தன. நடுக்கம் வந்தால் முதலில் வாசற்கதவைத் திறந்து வை, பிறகு சிக்கிக்கொள்ளும் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு கையில் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறந்தேன். கதவு திறந்ததும் என் கையைப் பிறாண்டிவிட்டுப் படிக்கட்டில் பாய்ந்துவிட்டார்.

முற்றம் முழுக்க ஜனம். செருப்போடும் தலையில் துண்டோடும் அவசரப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். "பெரியவரே! பெரியவரே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மூன்று நிஜப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். குப்பைத் தொட்டிகள், கார்களின் அடி, ஊஞ்சல் பக்கம் எல்லாம் தேடிவிட்டேன், எங்கும் இல்லை. அழுகை வந்தது, அழ நேரம் இல்லை.

கடைசியில் தெருவோர வாய்க்காலில் முனகல் கேட்டது. வாய்க்கால் சாலைக்கு அடியில் போகும் இடத்தில் ஒரு குழாய். அதற்குள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கிறார். பனித் தண்ணீர் ஓடுகிறது. என் தோள் நுழையாது. கை நீட்டினேன், எட்டவில்லை. "பெரியவரே, வாங்க" என்றேன், இன்னும் உள்ளே போனார். நாக்கைச் சொடுக்கினேன், இன்னும் உள்ளே போனார். குழாய் அந்தப் பக்கம் குறுகிக்கொண்டே போகிறது, அக்கா. இன்னும் கொஞ்சம் போனால் யாராலும் எடுக்க முடியாது.

அப்போது இன்னா சொன்னது காதில் அடித்தது. சொந்தப் பேர் மட்டும்தான் உள்ளே போகும்.

வயிற்றைப் பனியில் வைத்துப் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கத்தினேன், அக்கா. முழுப் பேரையும் கத்தினேன். கையால் இங்கே எழுத வரவில்லை, ஆனால் வாயால் கத்தினேன். ஒரு தடவை சொன்ன பிறகு அடைப்பு உடைந்தது போல இரண்டாவது தானாக வந்தது, மூன்றாவது இன்னும் பலமாக வந்தது. தெருக் கோடிவரை கேட்டிருக்கும். உள்ளே நகம் கீறும் சத்தம் கேட்டது. நனைந்த எலி போல, பிடரியெல்லாம் உடம்போடு ஒட்டிப்போய், என் முகத்தை நோக்கி ஊர்ந்து வந்தார்.

எழுந்து பார்க்கிறேன், எதிரில் பிபிகுல் அக்கா, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

"அடியே பகிலா! யாரு பேரைச் சொல்லிக் கத்தின இப்போ?"

எனக்கு அறிவு வேலை செய்யவில்லை. "நாயோட பேரைத்தான் அக்கா" என்றேன்.

"நாயோட பேரா!" என்று அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இன்னாவுக்கும் கௌஹருக்கும் நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதவு திறந்தது, ஓடியது, இத்தனை நாள் பேர் சொல்லாதது, ஏன் சொல்லவில்லை என்பது, எல்லாம். இருவரும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அது எப்படி ஆனாலும் ஆகட்டும். பிபிகுல் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறாள். அவளுக்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும் என்று மூசாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். என்ன செய்வது என்று உடனே எழுது.

பகிலா

*

அல்மாட்டி,
பிப்ரவரி 12

அக்கா, மூசா ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு வருகிறான். "கடுதாசி ஒண்ணும் தரல, சலாம் மட்டும் சொல்லச் சொன்னாங்க" என்கிறான். யார் சொல்லச் சொன்னது என்று கேட்டால் தலையைச் சொறிகிறான். ஆட்கள் நலந்தானே? அதை மட்டுமாவது எழுது.

பகிலா

*

பிப்ரவரி 26

பகிலா,

ஆட்கள் நலம். எழுதாததற்கு மன்னித்துக்கொள். எழுதும்படி ஒன்றும் முடிவாகவில்லை, அதுதான் காரணம்.

பிபிகுல் வந்தாள். வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் சொல்லிவிட்டாள். "உங்க சின்ன மருமக பட்டணத்துத் தெருவுல, பனியில படுத்துக்கிட்டு, அண்ணன் பேரைச் சொல்லிக் கத்தறா. அந்தப் பேரு ஒரு நாய்க்குட்டிக்கு வச்சிருக்காங்களாம்." அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். மாமா பாதிக் கிண்ணத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மூன்று நாள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் குதிரைக்கொட்டிலிலேயே கிடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஒவ்வொரு உறையிலயும் நீ எடுத்து மறைச்ச வெள்ளைத் தாள் எல்லாம் எங்கே?" என்றார். உனக்கு அது தெரியாது, நான் ஒன்றைக்கூட அடுப்பில் போடவில்லை. எப்படிப் போடுவேன்? இந்தக் குளிர்காலத்தில் நான் சிரித்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. மறைக்க என்னால் முடியவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே படித்தார். படித்துவிட்டு மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை திருப்பித் தரவில்லை. கோபமா, என்ன என்று தெரியவில்லை. சந்தடியில்லாமல் பிபிகுலை ஒரு நாள் மறுபடியும் கூப்பிட்டனுப்பினார், நான் அப்போது ஆற்றங்கரையில் இருந்தேன்.

இனி எனக்கு எழுதாதே. அவருக்கே எழுது. நீலத் தாள் வேண்டாம், ஒரே தாளாக எழுது.

ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த அன்று மாட்டுக்கொட்டிலில் தனியாக இருந்தபோது நானும் ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன், மெதுவாக. பசு திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

ரௌஷான்

*

அல்மாட்டி,
மார்ச் 3, 2017

மதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் சின்ன மருமகள் பகிலா குனிந்து வணங்கி எழுதுவது.

ஆடுமாடு நலமா? நீங்களும் அத்தையும் நலமா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பெரியவர் என்று எழுதியபோது நீங்கள் மனிதர் என்று நினைப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். நீங்கள் குர்த்து பொறுக்கி அனுப்பிய அன்றிலிருந்து அது என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ரௌஷான் அக்கா மேல் கோபம் வேண்டாம். அவர் விரல் மூட்டுகள் வீங்கி, எழுத்தே மாறிவிட்டது. என் பங்குப் பாலையும் அவர்தான் கறக்கிறார். அவர் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

தெருவில் உங்கள் பேரைக் கத்தினேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கத்தியிராவிட்டால் என்னை நம்பி ஒப்படைத்த உயிர் குழாய்க்குள் விறைத்துச் செத்திருக்கும். இன்னொரு தடவை அப்படி நேர்ந்தால் இன்னொரு தடவையும் கத்துவேன். இதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

இன்னாவும் கௌஹரும் பதில் சொல்லிவிட்டார்கள். மறைக்காமல் சொன்னதற்காகவே என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நிபந்தனை. நாயைத் தினமும் அதன் பேர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். கௌஹர் தன் நாய்க்கு வேறு பேர் வைக்க முன்வந்தாள். எட்டு வயது நாய்க்குப் பேரை மாற்றுவது பாவம் என்று நானே வேண்டாம் என்றேன். ஆகவே இப்போது தினமும் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் உங்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நவ்ரூஸுக்குக் கௌஹர் விடுமுறையில் வருகிறாள், நானும் ஊருக்கு வருவேன். வாசலிலேயே குனிந்து வணங்குவேன். நீங்கள் திட்டினால் கேட்டுக்கொள்வேன். ஆனால் மறுபடியும் இந்த வேலைக்குத் திரும்புவேன், மாமா. பிராணிகளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். அதைவிட நன்றாக எனக்கு வேறு எதுவும் தெரியாது.

உங்கள் மருமகள்,
பகிலா

*

மார்ச் 14

மருமகள் பகிலாவுக்கு,

ஆடுமாடு நலம், ஒரு கிடாய் மட்டும் பின்னங்கால் நொண்டுகிறது. வரும்போது மருந்து கொண்டு வா. ஆட்கள் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பட்டாளத்திலிருந்து என் அம்மாவுக்கு. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

கோபம் இருந்தது. நான் இந்த வட்டாரத்தில் மல்யுத்தத்தில் ஒட்டகத்தைப் பரிசாக ஜெயித்தவன். சட்டை போட்ட இரண்டு சாண் நாய்க்கு என் பேரா என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அதைவிட, அந்தக் குள்ளப் பெரியவர் என்று ஒருவர் இல்லவே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் ஊருக்கு வந்தால் எந்தக் குதிரையில் ஏற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

பிறகு உன் வெள்ளைத் தாள்களைப் படித்தேன். படித்துவிட்டுப் பிபிகுலை வரவழைத்தேன். "அவ எப்படிக் கத்தினா? கத்திக் காட்டு" என்றேன். "அவ சொன்னதைத்தான் சொல்றேன், என்னைத் தப்பா நெனைக்காதீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தொண்டை கிழியக் கத்திக் காட்டினாள். இன்னொரு தடவை என்றேன், கத்தினாள். பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன. மூன்றாவது தடவை கேட்டபோது அவளுக்குப் பயம் வந்து தேநீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டாள். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பாள்.

என் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் எனக்குக் கேட்கும்படி. அவளுக்குப் பிறகு அண்ணன்மார் கூப்பிட்டார்கள், அவர்களும் போனார்கள். கூடப் படித்த காசிம் ஒருவன் மிச்சம் இருந்தான், வேலிக்கு வெளியே குதிரையை நிறுத்திக் கூப்பிடுவான். போன இலையுதிர்காலத்தில் அவனையும் புதைத்தோம். இப்போது நான் அப்பா, தாத்தா, அண்ணன், மாமா. உன் அத்தைக்கு நான் "இங்க பாருங்க". அதற்குப் பிறகு என் பேரைச் சொல்லி அழைத்தது டவுனில் பென்ஷன் கவுண்டரில் ஒரு பெண், அதுவும் தப்பாக. யாரும் கூப்பிடாத பேர் ஒன்று எனக்கு இருக்கிறது என்பதையே மறந்துபோயிருந்தேன். நீ அதை எடுத்துத் தெருவில் கத்தியிருக்கிறாய்.

ரௌஷான் கையைப் பார்த்தேன். கூடவே இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை, பட்டணத்திலிருந்து நீ எழுதித்தான் தெரிய வேண்டியிருந்தது. சிவப்புப் பசுவை இப்போது நான் கறக்கிறேன். பெண்கள் வேலை என்று ஊர் சிரிக்கிறது, பசுவும் ஒரு தடவை உதைத்தது. பழகிவிடும்.

குர்த்தை அதற்குக் கொடுத்துவிடாதே, நாய்க்கு அவ்வளவு உப்பு ஆகாது. காலுறையை வைத்துக்கொள்ளட்டும்.

நவ்ரூஸுக்கு வா. கஞ்சியைக் குடி. உன் வேலைக்குத் திரும்பிப் போ, நானே உன்னை வேனில் ஏற்றிவிடுகிறேன். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். நான் குதிரைக்கொட்டிலுக்குப் பின்னால், மேட்டில் இருப்பேன். உன் அத்தை காதில் விழாத தூரமாகப் பார்த்து ஆற்றுப் பக்கம் போய் நில். அன்றைக்குக் கத்தினாயே, அதே மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிடு. வருகிறேனா இல்லையா பார்.

இப்படிக்கு,
அரிஸ்தான்